‘எங்கள் கல்லூரி ஏன்?’ என்று கேட்டால் உப்பிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: திருப்பூரில் பிளஸ் டூ படிக்கிறேன். அமெரிக்காவில் சுற்றுச்சூழல் பொறியியல் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். மிச்சிகன், யேல், டஃப்ட்ஸ், ஸ்மித் ஆகிய நான்கு கல்லூரிகள் என் பட்டியலில் உள்ளன. அப்பா சாயக்கழிவு நீர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஷிப்ட் ஆபரேட்டர். பள்ளித் திட்டப்பணிக்காக நொய்யல் கரையில் ஆறு கிணறுகளின் தண்ணீரை 11 வாரம் டிடிஎஸ் மீட்டர் (கரைந்திருக்கும் உப்பு முதலியவற்றின் மொத்த அளவைக் காட்டும் கருவி) வைத்து அளந்தேன். பல அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பத் தளமான காமன் ஆப்பின் 650 சொல் கட்டுரையை முடித்துவிட்டேன். ‘எங்கள் கல்லூரியில் ஏன் சேர விரும்புகிறீர்கள்’ என்ற கேள்வியில்தான் நின்றுவிட்டேன். ஒரே பதிலை எழுதிப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பலாமா? தரவரிசையைக் கட்டாயம் குறிப்பிடச் சொல்கிறான் அண்ணன். வீட்டின் பண நிலைமையையும் இதில் எழுதலாமா? வரைவை இணைத்திருக்கிறேன்.
– பிளஸ் டூ மாணவி, திருப்பூர்

பதில்: உங்கள் வரைவின் முதல் மூன்று வாக்கியங்களைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: “உலகத்தரம் வாய்ந்த பேராசிரியர்களும் அதிநவீன ஆய்வகங்களும் கொண்ட தங்கள் பல்கலைக்கழகத்தில் படிப்பது என் சிறுவயதுக் கனவு. பல நாட்டு மாணவர்களோடு பழகும் வாய்ப்பை அது எனக்குத் தரும். அங்கே பெறும் அறிவைக் கொண்டு என் நாட்டுக்குச் சேவை செய்வேன்.” இதில் எந்தக் கல்லூரியின் பெயரைப் போட்டாலும் பொருந்தும். எழுதியது யாராக இருந்தாலும் பொருந்தும். அந்த இடத்தில் உங்களுக்கு 50 சொல் செலவாகிவிட்டது. யேல் தருவதே 125 சொல்தான்.

ஆனால் நான்காவது பத்தியில், யாருக்கும் கண்ணில் படாத இடத்தில், ஒரு வாக்கியம் வைத்திருக்கிறீர்கள்: “பிரித்தெடுத்த உப்பு கடைசியில் எங்கே போகிறது என்று அப்பாவிடம் கேட்டேன், ஷெட்டில் மூட்டையாகக் கிடக்கிறது என்றார்.” நான்கு கல்லூரிகளுக்கும் உங்கள் பதில் இந்த மூட்டையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். விண்ணப்பத்தைப் படிப்பவருக்குத் தன் கல்லூரியின் பெருமை தெரியும். அதை நம்மிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை அவருக்கு இல்லை. அவர் மூன்று விஷயங்களைத்தான் தேடுகிறார். இந்த மாணவியை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கும் கேள்வி என்ன? அந்தக் கேள்வியை மேலே கொண்டுபோக இங்கே என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்திருக்கிறாளா? இடம் கொடுத்தால் வருவாளா? முதலாவதற்கு விடை இல்லாவிட்டால் மற்ற இரண்டையும் எவ்வளவு நன்றாக எழுதினாலும் நிற்காது. பெரும்பாலான வரைவுகள் கெட்டுப்போவது இங்கேதான். கல்லூரியின் இணையப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு அங்கிருப்பதையே திருப்பி எழுதுகிறார்கள். தன் கேள்வியைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு தேடியவருடைய பதிலில் தேர்வு என்று ஒன்று நடந்திருப்பது தெரியும்: இது எனக்கு வேண்டும், அது வேண்டாம் என்று.

உங்கள் கேள்வியை முதலில் சரியாக எழுதிக்கொள்வோம். ரியாக்டிவ் சாயம் பருத்தியில் ஏற உப்பு வேண்டும். சாயத்தை இழையின் பக்கம் தள்ளுவது உப்பின் வேலை, துணி அதை எடுத்துக்கொள்வதில்லை. போட்ட உப்பு கழிவு நீரோடு வெளியே வந்துவிடும். அதனால்தான் சாயக்கழிவில் டிடிஎஸ் எகிறுகிறது. ஆர்.ஓ. என்ற சவ்வு வடிகட்டி தண்ணீரைப் பிரித்துக் கொடுக்கும், உப்பெல்லாம் மிச்சமாகும் அடர்ந்த கழிவில் தங்கும். அதை எவாப்பரேட்டரில் காய்ச்சினால் ஒரு பகுதி உப்பு மறுபடி சாயமிடப் பயன்படும் தரத்தில் கிடைக்கும். பல உப்புகள் கலந்த கடைசி எச்சத்துக்கு உபயோகம் இல்லை. அப்பா சொன்ன மூட்டை அது. சுத்திகரிப்பு என்று நாம் சொல்வது, ஆற்றுக்குப் போக இருந்த உப்பை ஷெட்டுக்கு மாற்றியதோடு நின்றுவிடுகிறது. அடுத்து என்ன? இதைப் பதினேழு வயதில் கேட்கிறவர் உலகத்தரம், சிறுவயதுக் கனவு என்றெல்லாம் எழுத வேண்டியதே இல்லை.

இந்த விவரம் முழுவதையும் கட்டுரையில் கொட்டிவிட வேண்டாம். நீளமான பதிலில் நான்கு வாக்கியம், குட்டிப் பதிலில் இரண்டு போதும்.

இனி தேடல். ஒரு கல்லூரிக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். முகப்புப் பக்கமும் சேர்க்கை அலுவலகப் பக்கமும் எல்லோரும் படிப்பவை, அங்கே பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம். நேராகத் துறைப் பக்கத்துக்குப் போய், பட்டத்துக்கு எந்தெந்தப் பாடங்கள் கட்டாயம், எவை விருப்பம் என்ற அட்டவணையை எடுங்கள். அதில் உப்பு, சவ்வு, நீர் வேதியியல், நிலத்தடி நீர், திடக்கழிவு சம்பந்தப்பட்ட பாடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு விஷயம் பாருங்கள்: முன்தேவைப் பாடம் என்ன, கடந்த இரண்டு ஆண்டுகளில் அதை உண்மையிலேயே நடத்தினார்களா. பாடப் பட்டியலில் பெயர் மட்டும் இருந்து வகுப்பே நடக்காத பாடங்கள் எல்லாக் கல்லூரிகளிலும் உண்டு. அப்படி ஒன்றை ஆவலோடு குறிப்பிட்டால், படிப்பவருக்கு நீங்கள் தலைப்பைத் தாண்டிப் போகவில்லை என்று தெரிந்துவிடும்.

உங்கள் வரைவில் அதைவிடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. யேலுக்கான பத்தியில் யேல் சுற்றுச்சூழல் பள்ளியில் சேர்ந்து படிக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். 1900இல் வனவியல் பள்ளியாகத் தொடங்கிய அந்த நிறுவனம் முதுநிலை, முனைவர் பட்டங்களுக்கானது. நீங்கள் விண்ணப்பிப்பது இளநிலைப் படிப்புக்கான யேல் கல்லூரிக்கு. இளநிலைச் சுற்றுச்சூழல் பொறியியல் அங்கே வேதிப் பொறியியலோடு சேர்ந்த துறையில் இருக்கிறது. மிச்சிகனிலும் இதே பள்ளம் உண்டு. சுற்றுச்சூழல், நிலைத்தன்மை என்ற பெயரோடு இருக்கும் தனிப் பள்ளி முதுநிலைக்கானது. இளநிலைப் பட்டம் பொறியியல் கல்லூரியின் சிவில், சுற்றுச்சூழல் பொறியியல் துறையில். ஸ்மித்துக்கு எழுதியதிலோ “தங்கள் சுற்றுச்சூழல் பொறியியல் துறை” என்றிருக்கிறது. ஸ்மித் தருவது பொறியியல் அறிவியல் என்ற பொதுப் பட்டம். அது பெண்கள் கல்லூரி, பொறியியலில் முதல் அணி பட்டம் பெற்றது 2004இல். குறுகிய சிறப்புப் பட்டம் வேண்டும் என்று எழுதினால், எங்களிடம் அது இல்லையே என்று எடுத்து வைத்துவிடுவார்கள். பொதுப் பட்டத்தை விரும்புவதற்கு உங்களிடம் காரணம் இருந்தால் அதை எழுதுங்கள். இல்லாவிட்டால் ஸ்மித் பட்டியலில் இருக்க வேண்டுமா என்பதையே யோசியுங்கள். இந்தத் தேடலில் ஒரு கல்லூரி பட்டியலைவிட்டுப் போனால் அதுவும் நல்லதுதான்.

பேராசிரியர் பெயர் போடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். அவருடைய ஒரு ஆய்வுக் கட்டுரையின் சுருக்கம், முன்னுரை, படங்கள் இவற்றையாவது படித்து, அதிலிருந்து ஒரு கேள்வி உங்களுக்கு எழுந்திருந்தால் போடுங்கள். அப்போதும் அவர் ஓய்வு பெற்றுவிட்டாரா, வேறு இடம் போய்விட்டாரா, இளநிலை மாணவர்களுக்கு வகுப்பெடுக்கிறாரா என்று பார்த்துவிடுங்கள். மூன்று பேராசிரியர் பெயரை வரிசையாக அடுக்குவது இப்போது எல்லா விண்ணப்பங்களிலும் வரும் வழக்கம். படிப்பவர் அதை ஒரு நொடியில் தாண்டிப் போவார்.

அடுத்து, கேள்வியை வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள். காமன் ஆப் ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்ட் 1 அன்று புதுப்பிக்கப்படும், கேள்விகள் அப்போது மாறலாம். அண்ணன் காலத்துக் கேள்வியை வைத்துக்கொண்டு எழுதாதீர்கள். ஒரே பதிலைப் பெயர் மாற்றி அனுப்ப முடியாது என்பதற்கு இந்தக் கேள்விகளே சாட்சி. மிச்சிகன் கேட்டுவந்திருப்பது ‘மிச்சிகன் ஏன்’ என்றல்ல. நீங்கள் விண்ணப்பிக்கும் குறிப்பிட்ட கல்லூரி அல்லது பள்ளியில் உங்களை ஈர்க்கும் தனித்தன்மை என்ன, அதன் பாடத்திட்டம் உங்கள் ஆர்வத்துக்கு எப்படித் துணையாகும் என்று கேட்கிறது. 550 சொல் வரை இடம். ஆன் ஆர்பர் நகரத்தின் அழகையும் ஒரு லட்சத்துக்கும் மேல் பேர் உட்காரும் கால்பந்து அரங்கத்தையும் எழுதுகிறவர்கள் கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை. டஃப்ட்ஸில் “நான் டஃப்ட்ஸுக்கு விண்ணப்பிக்கக் காரணம்…” என்ற வாக்கியத்தை 100 சொல்லில் முடிக்க வேண்டும். ஸ்மித் அண்மை ஆண்டுகளில் கேட்டுவந்தது வேறு: அங்கே மாணவிகள் வாழும் ‘ஹவுஸ்’ சமூகத்துக்கு நீங்கள் என்ன கொண்டுவருவீர்கள், அண்டை அறைக்காரர்களிடமிருந்து எதை எதிர்பார்க்கிறீர்கள் என்று. அங்கே ஆய்வகத்தை எழுதினால் பதில் தடம் மாறிவிடும். மூட்டைக் கதையைவிட, ஷிப்ட் முடிந்து பகலில் தூங்கும் அப்பாவுக்காக வீட்டில் எல்லோரும் எப்படிச் சத்தம் குறைத்து நடக்கிறீர்கள் என்று உங்கள் பொதுக் கட்டுரையில் ஒரு வரி இருக்கிறதே, அதுதான் அங்கே பேசும்.

மிச்சிகனின் 550 சொல்லைப் பிரிக்கும் விதம் இது. முதல் 100, 120 சொல்லில் கிணறுகள், உப்பு, மூட்டை. அடுத்த 250 சொல் பாடத்திட்டத்துக்கு, ஏனென்றால் கேட்டதே அதைத்தான். பொறியியல் கல்லூரியில் முதலாண்டு மாணவர்கள் பிரிவை உடனே தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. ‘என்ஜினியரிங் 100’ என்ற முதலாண்டுப் பாடத்தில், வெவ்வேறு கருப்பொருள் கொண்ட பிரிவுகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்து ஒரு வடிவமைப்புப் பணியைக் குழுவாகச் செய்ய வேண்டும். இந்த ஆண்டு என்னென்ன பிரிவுகள் என்று பார்த்து, உங்கள் கேள்விக்குப் பக்கத்தில் வருவதைச் சொல்லுங்கள். முதல், இரண்டாம் ஆண்டு மாணவர்களை ஆய்வுக் குழுக்களில் சேர்க்கும் ‘யூராப்’ என்ற திட்டமும் அங்கே உண்டு. அதன் பெயரைச் சொல்லி நிறுத்திவிடாமல், அதில் எந்த வகை வேலையைத் தேடுவீர்கள் என்று சொல்ல வேண்டும். டிடிஎஸ் மீட்டர் கரைந்திருப்பது எவ்வளவு என்று மட்டும் சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. உங்கள் 11 வார அளவீட்டின் குறையே அதுதான். ‘குளோரைடையும் சல்பேட்டையும் தனித்தனியாக அளக்கும் முறையைக் கற்க வேண்டும்’ என்ற ஒரு வாக்கியம், பத்துப் புகழ்ச்சிக்குச் சமம். தன் வேலையின் குறையைத் தானே கண்டுபிடித்தவர் என்று அது காட்டும்.

மிச்சிகனுக்கு மட்டும் பொருந்தும் ஒரு இணைப்பும் உண்டு. அந்த மாநிலத்தில் குளிர்காலத்தில் சாலைப் பனியை உருக்க உப்பைத் தூவுகிறார்கள், அது கரைந்து ஓடைகளுக்கும் நிலத்தடி நீருக்கும் போகிறது. டெட்ராய்ட் நகருக்கு அடியிலேயே பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறது. பனியே பார்க்காத திருப்பூரும் பனியில் உறையும் மிச்சிகனும் ஒரே குளோரைடோடு மல்லுக்கட்டுகின்றன. அதே மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில் 2014இல் தொடங்கிய குடிநீர்ப் பிரச்சினையைப் பலரும் எழுதுவார்கள். உங்களுக்கு இந்தச் சாலை உப்புதான் நெருக்கம். ஆனால் தேடிப் படித்து, உண்மையிலேயே ஆர்வம் வந்தால் மட்டும் எழுதுங்கள். நான் சொன்னேன் என்பதற்காக ஒட்டவைத்தால் ஒட்டு தெரியும்.

யேலின் 125 சொல்லில் இவ்வளவுக்கு இடமில்லை. அளவு புரிவதற்காக ஒரு மாதிரியைத் தமிழிலேயே தருகிறேன்:

“பருத்தியில் சாயம் ஏற உப்பு வேண்டும், துணி அந்த உப்பை எடுத்துக்கொள்வதில்லை. என் அப்பா வேலை செய்யும் நிலையம் அதைத் தண்ணீரிலிருந்து பிரிக்கிறது. பிரித்ததில் எதற்கும் பயன்படாத கலப்பு உப்பு ஷெட்டில் மூட்டைகளாக நிற்கிறது. அந்த மூட்டையைத் திறக்கும் வேதியியலைத் தேடுகிறேன். யேலில் சுற்றுச்சூழல் பொறியியலும் வேதிப் பொறியியலும் ஒரே துறையில் இருப்பதால், தண்ணீரையும் உப்பையும் சேர்த்துப் படிக்க முடியும். ஆனால் வேதியியல் மட்டும் போதாது. 2011இல் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகே எங்கள் ஊர் மாறியது. எனவே நீர்க் கொள்கை வகுப்புகளையும் எடுப்பேன்.”

இதை மொழிபெயர்த்து அனுப்பிவிடாதீர்கள், இது உங்கள் குரல் அல்ல. இதில் என்ன நடக்கிறது என்று மட்டும் பாருங்கள். பாதிக்கும் மேல் உங்கள் கேள்வி. கல்லூரியைப் பற்றி ஒரே உண்மை, அதுவும் ‘இருப்பதால்’ என்ற சொல்லால் உங்கள் தேவையோடு கட்டப்பட்டிருக்கிறது. அந்தச் சொல்தான் சோதனை. கல்லூரியைப் பற்றிய எந்த வாக்கியத்துக்கும் பின்னால் ‘அதனால் நான் என்ன செய்வேன்’ என்று கேளுங்கள். விடை வராத வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். அளவைப் பற்றி ஒன்று: தமிழில் ஒரே சொல்லாக வருவது ஆங்கிலத்தில் இரண்டு மூன்றாகப் பிரியும். தமிழில் 70, 80 சொல் வந்தாலே யேலின் 125 நிரம்பிவிடும். உங்களுக்குத் தமிழில்தான் யோசனை ஓடுகிறது என்றால் முதல் வரைவைத் தமிழில் எழுதுவது நல்ல வழி, இந்த அளவை மட்டும் நினைவில் வையுங்கள். டஃப்ட்ஸுக்கு இதைவிடவும் குறைவு: ஒரு கேள்வி, ஒரு பாடம் அல்லது திட்டம், அவ்வளவுதான்.

அண்ணன் சொன்ன தரவரிசை வேண்டாம். அந்த எண் அடுத்த ஆண்டு மாறும். அதைக் காரணமாகச் சொல்கிறவர், ஒரு படி மேலே இருக்கும் கல்லூரி கூப்பிட்டால் போய்விடுவார் என்றும் அதையே படிக்கலாம். வானிலை, நகரம், வளாக அழகு எல்லாம் அதே ரகம். யேலின் 14 உறைவிடக் கல்லூரிகளைப் பற்றியும் ஏராளமானோர் எழுதுவார்கள்.

பண நிலைமையை இந்தப் பதிலில் எழுத வேண்டாம். வெட்கப்படவேண்டியது என்பதால் சொல்லவில்லை. அதற்குரிய இடம் வேறு: வருமான விவரம் சிஎஸ்எஸ் புரொஃபைல் போன்ற நிதியுதவிப் படிவத்துக்கு, வீட்டுச் சூழ்நிலை படிப்பைப் பாதித்திருந்தால் காமன் ஆப்பில் ‘சவால்களும் சூழ்நிலைகளும்’ என்று தனியாக இருக்கும் பெட்டிக்கு. ‘முழு உதவித்தொகை தருவதால் சேர விரும்புகிறேன்’ என்ற வாக்கியம் உண்மையாகவே இருந்தாலும், எந்தக் கல்லூரிக்கும் பொருந்தும் காரணம் அது. அதே சமயம் எழுதத் தொடங்குமுன் பணக்கணக்கைப் பார்த்துவிடுங்கள். இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மிச்சிகன் அரசுப் பல்கலைக்கழகம். இப்படிப்பட்டவற்றில் பெரும்பாலானவை வெளிநாட்டு இளநிலை மாணவர்களுக்குக் குடும்ப வருமானத்தை வைத்து உதவி தருவதில்லை, கட்டணமும் வெளிமாநிலத்தாருக்கான உயர்ந்த கட்டணம். யேல் வெளிநாட்டு மாணவர்களையும் பண வசதி பார்க்காமல் தேர்ந்தெடுத்து, தேவைப்படும் முழுத் தொகையையும் தருகிறது. டஃப்ட்ஸும் ஸ்மித்தும் சேர்த்துக்கொண்டவரின் தேவையை ஈடுகட்டும். ஆனால் வெளிநாட்டு மாணவர்கள் விஷயத்தில், சேர்க்கும் முடிவின்போதே எவ்வளவு உதவி வேண்டும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. அப்பாவோடு உட்கார்ந்து இதைப் பேசிய பிறகு மிச்சிகனின் 550 சொல்லுக்கு உழைப்பதா என்று முடிவு செய்யுங்கள்.

ஆர்வம் காட்டினால் மதிப்பெண் உண்டா என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கல்லூரிகளில் மிகப் பல ‘காமன் டேட்டா செட்’ என்ற ஆவணத்தை ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. அதில் சி7 என்ற அட்டவணையில் ‘விண்ணப்பதாரர் காட்டும் ஆர்வம்’ என்று ஒரு வரி இருக்கும், ‘மிக முக்கியம்’ முதல் ‘கருதப்படுவதில்லை’ வரை எதிலாவது குறியிட்டிருப்பார்கள். கருதும் கல்லூரியாக இருந்தால் இணையவழித் தகவல் கூட்டத்தில் உங்கள் பெயரில் பதிவுசெய்து கலந்துகொள்ளுங்கள். கருதாத கல்லூரிக்கு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் அனுப்பிப் பயனில்லை.

வரைவை ஏஐ செயலியில் கொடுத்து மெருகேற்றலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். ஏஐ எழுதித் தந்த உள்ளடக்கத்தைத் தன் எழுத்தாகக் காட்டுவதை காமன் ஆப் மோசடியாகவே வகைப்படுத்தியிருக்கிறது. விதியை விடுங்கள். உங்கள் மூட்டை வாக்கியத்தை அதில் போட்டால் ‘நிலைத்த தீர்வுகளின் மீதான ஆழ்ந்த வேட்கை’ என்று திரும்பி வரும், மூட்டை காணாமல் போய்விடும். எழுத்துப் பிழை பார்க்க உங்கள் ஆங்கில ஆசிரியர் போதும்.

பிரிட்டனுக்கு விண்ணப்பிக்கும் வாசகர்கள் இந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாக, மாணவர் தன்னைப் பற்றி எழுதும் ஒரே கூற்று ஐந்து இடங்கள் வரை போகும். எனவே கல்லூரியின் பெயரே வரக் கூடாது. 2026 சேர்க்கையிலிருந்து அது மூன்று கேள்விகளாகப் பிரிந்திருக்கிறது, இடைவெளியும் சேர்த்து மொத்தம் 4000 எழுத்துகள். முதல் கேள்வி ‘இந்தப் பாடத்தை ஏன்’ என்பது. உப்பு மூட்டை அங்கேயும் பயன்படும், யேலின் துறை அமைப்பு பயன்படாது.

எழுதும் வரிசையாக என் யோசனை: யேலை முதலில் முடியுங்கள். 125 சொல்லில் அடைத்த பிறகுதான் உங்கள் கேள்வி எது என்று உங்களுக்கே துலங்கும். அதைச் சுருக்கினால் டஃப்ட்ஸ், விரித்தால் மிச்சிகன். ஸ்மித்தைத் தனியாக, வேறொரு நாளில் எழுதுங்கள். காமன் ஆப்பின் பெட்டியில் ஒட்டிய பிறகு முன்னோட்டப் பிடிஎஃப்பைத் திறந்து கடைசி வரி வரை வந்திருக்கிறதா, ஒரு கல்லூரியின் பெயர் இன்னொன்றின் பதிலில் தங்கிவிட்டதா என்று பாருங்கள். இந்தத் தவறு எல்லா ஆண்டும் நடக்கிறது, அனுப்பிய பிறகு திருத்த வழி கிடையாது.

அதற்கு முன்னால் ஒன்று. ஆங்கில வரைவை அப்பாவிடம் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். எவாப்பரேட்டர், மிஞ்சும் உப்பு, ஷெட் பற்றி நீங்கள் எழுதியது அவர் வேலை செய்யும் நிலையத்தில் அப்படித்தான் நடக்கிறதா என்று அவர் சொல்லட்டும். உங்கள் வரைவில் ஆர்.ஓ.வுக்குப் போகும் நீரின் டிடிஎஸ் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருக்கிறது. எது சரி என்று அவருடைய ஷிப்ட் நோட்டில் பார்த்துத் திருத்துங்கள்.